சூப்பர்வைசரை மேனேஜராக்கிவிட்டோம், விவேகத்தையும் குணத்தையும் எப்படி வளர்ப்பது?

துவாஸ்_எச்ஆர்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலை செய்யும் கம்பெனி எங்களுடையது. 180 பேர், பாதிக்கு மேல் வொர்க் பர்மிட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். இந்த ஆண்டு ஆறு சூப்பர்வைசர்களை மேனேஜராக உயர்த்தியிருக்கிறோம். தொழில் தெரிந்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இனி அவர்கள் மேசைக்கு வரப்போவது வேறு விதமான கேள்விகள். ஓவர்டைமை யாருக்குக் கொடுப்பது, வேலையை எந்த இடத்தில் நிறுத்துவது, தவறு செய்த ஆளை என்ன செய்வது, சப்ளையர் நீட்டும் ஆங் பாவ்வை (பண உறையை) வாங்கலாமா, மேலே இருப்பவர் தப்பாகச் சொன்னால் எப்படி மறுப்பது.

முதலாளி இரண்டு நாள் தலைமைத்துவ வகுப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டுத் திட்டமாகப் போட்டுத் தந்தால் 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

குணத்தை வளர்க்கவே முடியுமா, இல்லை ஆள் எடுக்கும்போதே பார்த்து எடுக்க வேண்டியதுதானா? முடியுமென்றால் வாரா வாரம் என்ன செய்வது? வளர்ந்திருக்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பொங்கோல்_பயிற்றுநர்

வளர்க்க முடியும். ஆனால் வகுப்பறையில் அல்ல. நீச்சலைப் பலகையில் எழுதிக் காட்டி யாருக்கும் நீந்த வந்ததில்லை. பணிவு என்றால் என்ன, நேர்மை என்றால் என்ன என்று உங்கள் ஆறு பேருக்கும் இப்போதே தெரியும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வாடிக்கையாளர் போனில் கத்தும்போது அது கைக்கு வருகிறதா என்பதுதான் விஷயம். ஆகவே அவர்கள் எடுக்கும் உண்மையான முடிவுகளையே பாடமாக வையுங்கள். இரண்டு பழக்கங்கள் போதும். அதிகம் வைத்தால் மூன்றாம் மாதமே எல்லாம் நின்றுவிடும்.

முதலாவது, முடிவுக் குறிப்பேடு. வாரத்துக்கு ஒரு முடிவு, 15 நிமிடம், ஒரே பக்கம். முடிவின் பலன் தெரிவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், இது கட்டாயம். பலன் தெரிந்த பிறகு எழுதினால் 'எனக்கு அப்போதே தெரியும்' என்று நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். எழுதுபவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'மேனேஜர்' என்று போட்டிருக்கிறேன்:

"செவ்வாய், மாலை 5.40. பம்ப் மாற்றும் வேலையை மேனேஜர் வியாழனுக்குத் தள்ளினார். வாடிக்கையாளர் கேட்டது புதன். சாரத்தைப் பரிசோதிக்க வேண்டியவர் நாளை வர முடியாது. வேறு வழிகள் இருந்தன: பரிசோதனை இல்லாமல் ஆட்களைச் சாரத்தில் ஏற்றுவது, அல்லது இன்னொரு தளத்தில் இருப்பவரை வரவழைப்பது. இரண்டாவதை மேனேஜர் விசாரிக்கவே இல்லை. பாதிக்கப்படுபவர்கள்: வாடிக்கையாளரின் இரவு ஷிஃப்ட், நம் ஆட்கள் நான்கு பேரின் ஓவர்டைம். மனதில் ஓடியது: முதலாளிக்குப் போன் போய்விடுமோ என்ற பயம். முடிவு சரி என்ற உறுதி 70 விழுக்காடு. திரும்பப் பார்க்கும் நாள்: ஐந்து வாரம் கழித்து."

'விசாரிக்கவே இல்லை' என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். 'நான்' என்று எழுதியிருந்தால் அந்த வரி பெரும்பாலும் வந்திருக்காது. தன்னைப் படர்க்கையில் வைத்து எழுதுவது சும்மா அலங்காரம் இல்லை. அடுத்தவர் சிக்கலுக்கு நிதானமாக யோசனை சொல்லும் நாம் நம் சிக்கலில் தடுமாறுகிறோம் என்பதை இகோர் கிராஸ்மனும் ஈத்தன் கிராஸும் 2014ல் ஆய்வில் காட்டினார்கள். 2021ல் கிராஸ்மன் குழுவினர் நான்கு வாரம் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். தன்னைப் படர்க்கையில் வைத்து எழுதியவர்களிடம், தனக்குத் தெரியாதது உண்டு என்று ஒப்புக்கொள்வதும் அடுத்தவர் கோணத்தை எண்ணிப் பார்ப்பதும் கூடியிருந்தது. தொடர்ந்து எழுதியதால் வந்த மாற்றம் அது. ஒரு நாள் எழுதிப் பார்த்துவிட்டுப் பலன் தேடாதீர்கள்.

இரண்டாவது, ஆறு பேரும் கூடும் வட்டம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டரை மணி நேரம். ரெஜினால்ட் ரெவன்ஸ் 1940களில் பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் தொடங்கிய முறை இது: சுரங்க மேலாளர்கள் தங்கள் சிக்கலைத் தங்களைப் போன்ற மேலாளர்கள் முன்னால் வைத்தார்கள். ஒரு கூட்டத்தில் மூன்று பேருக்கு முறை, ஆளுக்கு 45 நிமிடம். ஐந்து நிமிடம் அவர் தன் சிக்கலைச் சொல்கிறார். அடுத்த 20 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், ஆலோசனை கூடாது. அடுத்த 10 நிமிடம் எல்லாரும் தங்களுக்குப் பட்டதை முதலில் தாளில் எழுதி, பிறகு வாசிக்கிறார்கள். ஐந்து நிமிடம், தான் என்ன செய்யப்போகிறேன், எந்தத் தேதிக்குள் என்று சிக்கலைக் கொண்டுவந்தவர் சொல்கிறார். கடைசி ஐந்தில் அது பதிவாகிறது. அடுத்த கூட்டம் அந்தப் பதிவில்தான் தொடங்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த 20 நிமிடத்தில்தான். 'அவன்கிட்ட நேராப் பேசிப் பார்த்தீங்களா?' என்பது கேள்விக்குறி போட்ட ஆலோசனை. 'அவன் ஏன் அப்படிச் செய்தான்னு நினைக்கிறீங்க? அதை எப்படிச் சரிபார்ப்பீங்க?' என்பது கேள்வி. இந்த வேறுபாடு காதில் ஏற நான்கைந்து கூட்டங்கள் ஆகும். அதுவரை வெளியாள் ஒருவரை நடத்தச் சொல்லுங்கள்; உங்கள் 18,000 வெள்ளியில் பெரும்பகுதி அங்கே போகட்டும். பிறகு அவர்களே முறை வைத்து நடத்தலாம்.

முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால்: குறிப்பேடு ஆண்டுக்கு 13 மணி நேரம், வட்டம் 17 கூட்டத்துக்கு 42.5 மணி நேரம். ஆளுக்கு 55.5 மணி நேரம். இரண்டு நாள் வகுப்பு 16 மணி நேரம்தான், அதுவும் ஒரே மூச்சில்.

ஒன்று விட்டுப்போயிற்று. வட்டத்தில் சொல்வது அடுத்த அடி மட்டும்தான்; இறுதி முடிவை அன்றே அறிவிக்க வற்புறுத்தாதீர்கள். பெர்லினில் பால் பால்டெஸும் உர்சுலா ஸ்டௌடிங்கரும் 1996ல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலை நெருங்கியவர் ஒருவருடன் பேசிவிட்டுப் பிறகு தனியாக யோசிக்கவும் நேரம் கிடைத்தவர்களின் பதில்கள் தெளிவாக மேம்பட்டிருந்தன. பேச்சும் வேண்டும், பேச்சுக்குப் பிறகு தனிமையும் வேண்டும்.

செம்பவாங்_பாதுகாப்பு

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் தொழிலில் மேனேஜரின் குணம் முதலில் தெரிவது கூட்ட அறையில் இல்லை, தளத்தில். அதை விட்டுவிட்டுத் திட்டம் போடாதீர்கள்.

அவசரம் குணத்தை என்ன செய்யும் என்பதற்கு டார்லியும் பேட்சனும் 1973ல் வெளியிட்ட ஆய்வை உங்கள் ஆறு பேருக்கும் சொல்லுங்கள். பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். கொஞ்சம் அவசரத்தில் இருந்தவர்களில் 45. 'ஏற்கெனவே தாமதம், ஓடு' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 மட்டுமே. வழியில் கிடந்தவனுக்கு உதவிய கதையைப் பற்றியே பேசப்போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். பேசப்போகும் பொருள் அவர்களைக் காப்பாற்றவில்லை. கையில் இருந்த நேரம்தான் தீர்மானித்தது.

ஆகவே மேனேஜர்களுக்கு இரண்டு வகை விதி வையுங்கள். ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது, தண்டிப்பது, ஊருக்குத் திருப்பி அனுப்புவது ஆகிய மூன்றும் கேட்ட அன்றே முடிவாகக் கூடாது. ஓர் இரவு தள்ள வேண்டும், இன்னொரு மேனேஜரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறானது வேலையை நிறுத்துவது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்த நிமிடமே நிறுத்தலாம். எதில் தாமதிப்பது, எதில் தாமதிக்கக்கூடாது என்று பிரித்தறிவதுதான் விவேகத்தில் பாதி. இந்தப் பாதியை விதியாகவே எழுதிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, கெட்ட செய்தி வரும்போது மேனேஜர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். இதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். ஊழியர் வந்து சொல்கிறார்: "சார், மேல இருந்து ஸ்பேனர் விழுந்துடுச்சு."

"யாரு போட்டது?" என்று மேனேஜர் கேட்டால் அந்தத் தளத்திலிருந்து அடுத்த ஸ்பேனர் விழுந்த செய்தி வராது.

"யாருக்காவது அடிபட்டுச்சா? எங்க விழுந்துச்சு, வாங்க காட்டுங்க." இப்படிக் கேட்டுவிட்டு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். பிறகு "ஸ்பேனரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்களா? கயிறு கிடைச்சுதா?" கயிறு ஸ்டோரில் இல்லை என்று தெரிய வந்தால் அது மேனேஜரின் வேலை. மறுநாள் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில்) 'நேற்று ஒருத்தர் சொன்னார், அதனால இன்னிக்குக் கயிறு வந்திருக்கு' என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது பிடிக்காது.

வொர்க் பர்மிட் முதலாளியோடு கட்டுண்டது. ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு நிற்கும். அப்படிப்பட்டவர் வாயைத் திறந்து ஒன்றைச் சொல்கிறார் என்றால் அது பெரிய துணிச்சல். மேனேஜருக்கு அது புரியாவிட்டால் வேறு எந்தப் பயிற்சியும் வீண் என்பேன்.

முதலாளியிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் நூலிழையில் தப்பிய சம்பவங்களின் அறிக்கைகள் கூடும். பதற வேண்டாம். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட காரணம். அறிக்கை குறைந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலாளி தயங்கினால், தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர்களுக்கும் வேலையிடப் பாதுகாப்பில் என்ன கடமை என்று சொல்லும் நடைமுறை விதித்தொகுப்பு 2022 அக்டோபரில் அரசிதழில் வந்துவிட்டதை நினைவூட்டுங்கள். ஊழியர் தயங்காமல் பேசும் சூழலை உண்டாக்குவது அவருக்கும் உரிய வேலைதான்.

கேலாங்_சம்பளக்கணக்கு

யாரும் போனஸைத் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

வேலையை நிறுத்திய மேனேஜரின் 'நேரத்தில் முடித்த வேலைகள்' எண்ணிக்கை குறையும். அந்த எண்ணில்தான் போனஸ் நிற்கிறது என்றால், ஆண்டு முழுதும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை டிசம்பரில் ஒரே கடிதம் அழித்துவிடும். திட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு நாள் செலவழித்து இதைச் செய்யுங்கள். சென்ற மூன்று ஆண்டு அப்ரைசல் கோப்புகளை எடுத்து, வேலையை நிறுத்தியவர், வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்றவர், தன் தவறைத் தானே சொன்னவர் யார் யார் என்று பட்டியல் போடுங்கள். அவர்களுக்கு அந்த ஆண்டு என்ன மதிப்பெண் கிடைத்தது? பக்கத்திலேயே, விளைவு நன்றாக இருந்தும் வழி கோணலாக இருந்தவர்களின் பட்டியலையும் போடுங்கள். கம்பெனி உண்மையில் எந்தக் குணத்துக்குக் காசு கொடுக்கிறது என்பது அந்த ஒரு தாளில் தெரியும். முதலாளியிடம் காட்ட வேண்டிய முதல் தாள் அதுதான்.

குணத்துக்கே மதிப்பெண் போட்டுப் போனஸில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். சேர்த்த மறுநாளே குறிப்பேட்டில் உண்மை நின்றுவிடும். எல்லாரும் தங்களைப் பற்றி நல்லதாக எழுத ஆரம்பிப்பார்கள். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் கருத்துக் கேட்கும் முறையும் அப்படித்தான்: வளர்ச்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஐந்து பேருக்குக் குறைவாகக் கேட்டால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். க்ளூகரும் டிநிசியும் 1996ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருத்துச் சொன்ன சந்தர்ப்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறன் குறையவே செய்திருந்தது. 'நீ எப்படிப்பட்டவன்' என்று ஆளின் பக்கம் கவனம் திரும்பினால் மனம் தற்காப்புக்குப் போய்விடுகிறது. 'அந்தச் செவ்வாய்க்கிழமை ரோஸ்டரை மாற்றியபோது மூன்று பேருக்கு முந்தின இரவுதான் தெரிந்தது' என்று செயலின் மேல் நின்றால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு: ஆள் தேர்வும் வேண்டும்தான். சிங்கப்பூர் அரசாங்கச் சேவை 1980களில் ஷெல் நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை எடுத்துக்கொண்டது. உயரத்திலிருந்து முழுக் காட்சியையும் பார்க்கும் ஹெலிகாப்டர் பார்வை, பகுப்பாய்வு, கற்பனை, யதார்த்த உணர்வு ஆகியவற்றை அது பார்த்தது. நல்ல அளவுகோல்கள். ஆனால் நான்கும் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பதைப் பற்றியவை. மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அடுத்த சுற்றில் தனியாகப் பார்க்க வேண்டும். 'நீங்கள் மனம் மாற்றிக்கொண்ட ஒரு முடிவு என்ன, யார் சொல்லி மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். மனம் மாறியதே இல்லை என்பவரையும், மாற்றியவரின் பெயர் ஞாபகத்துக்கு வராதவரையும் கொஞ்சம் யோசித்து உயர்த்துங்கள்.

துவாஸ்_எச்ஆர்

மிகவும் நன்றி. அப்ரைசல் தாளை நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு இடத்தில் இடறுகிறது. ஆறு பேரில் நான்கு பேருக்கு எழுதுவது பாரம். வாராவாரம் ஒரு பக்கம் என்றால் கோபமே வரும். முதலாளி வட்டத்தில் தானும் உட்கார வேண்டும் என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்.

அப்புறம் அந்த ஆங் பாவ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பொங்கோல்_பயிற்றுநர்

எழுத வேண்டாம், பேசட்டும். போனில் மூன்று நிமிடக் குரல் பதிவு, தமிழிலேயே. 'மேனேஜர் இன்னிக்கு இப்படி முடிவெடுத்தாரு' என்று படர்க்கையில் பேசுவது முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். திரும்பக் கேட்கும் தேதியைப் போன் நாட்காட்டியில் போட்டுவிட வேண்டும். பதிவு அவருடையது, எச்ஆர் கேட்கக்கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த வாரம் பதிவு செய்தாரா இல்லையா என்பதை மட்டும். ஊழியரின் உடல்நலம், குடும்ப விவகாரம் போன்றவற்றைப் பெயரோடு பதிவு செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலாளி வட்டத்துக்குள் வந்தால் ஆறு பேரும் அவருக்காகப் பேசுவார்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். வெளியே வைத்தால் 'இது சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு' என்று ஆகிவிடும். ஆகவே அவருக்கு வேறு வேலை கொடுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை, இன்னும் அறிவிக்காத தன் முடிவு ஒன்றை இந்த ஆறு பேர் முன்னால் வைக்கட்டும். உளவியலாளர் கேரி க்ளைன் 2007ல் எழுதிய முறைப்படி அவர் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: 'ஓராண்டு கழிந்துவிட்டது, இந்த முடிவு படுதோல்வி. ஏன் தோற்றது என்று எழுதுங்கள்.' ஐந்து நிமிடம் எல்லாரும் பேசாமல் எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாக, வேலையில் இளையவரிலிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும். முதலாளி கடைசியில்தான் வாயைத் திறக்கலாம். 'தோற்குமா?' என்று கேட்டால் 'தோற்காது சார்' என்பார்கள். 'தோற்றுவிட்டது, ஏன்?' என்று கேட்டால் குறை சொல்வதே கெட்டிக்காரத்தனமாகிவிடுகிறது. மரியாதைக் குறைவு என்ற பயம் விலகுகிறது.

அதன் பிறகு அவர் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்குள், எந்தக் காரணத்தால் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன் என்று சொல்ல வேண்டும். இடித்துரைக்க ஆள் வேண்டும் என்று எல்லா முதலாளிகளும் சொல்வார்கள். இடித்துரைத்தவனுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த காலாண்டில் அவன் தாள் வெறுமையாக இருக்கும்.

ஆங்மோகியோ_இணக்கம்

ஆங் பாவ் கேள்விக்கு வருகிறேன். இதில் மேனேஜர்கள் தடுமாறக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. 'முகத்தில் அடித்த மாதிரி ஆகுமே' என்ற தயக்கம்தான். எனவே முதலில் சட்டத்தைத் தெளிவாக்குங்கள். லஞ்ச ஒழிப்புச் சட்டம் தனியார் கம்பெனிக்கும் பொருந்தும். தண்டனை 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அரசாங்க ஒப்பந்தம் சம்பந்தப்பட்டால் சிறை ஏழாண்டு வரை. 'எங்கள் தொழிலில் இது வழக்கம்' என்ற வாதத்தைச் சான்றாக ஏற்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தொகை சிறியது என்பதும் தப்பிக்கும் வழியாகாது: லாரி ஓட்டுநர்களைக் காக்க வைக்காமலிருக்க ஒரு வெள்ளி, ஒரு வெள்ளியாக வாங்கியதாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் இருவர் மீது 2018ல் குற்றம் சாட்டப்பட்டது.

சட்டம் தெரிந்ததும் வாய் திறந்துவிடாது. சொல்லிப் பழக வேண்டும். மேரி ஜென்டைல் என்பவர் வளர்த்த முறை இது: 'எது சரி' என்ற விவாதத்தில் நேரத்தைப் போக்காமல், 'சரி என்று தெரிந்ததை யாரிடம், எந்த வார்த்தையில், எப்போது சொல்வேன்' என்று ஒத்திகை பார்ப்பது. இரண்டு பேர், பத்து நிமிடம், நின்றுகொண்டு, வாய்விட்டு:

"அண்ணே, எடுத்துக்குங்க, தீபாவளிக்கு. பிள்ளைங்களுக்குத்தான்."

"உங்க மனசு புரியுதுண்ணே. கம்பெனி விதி, என் கையில வாங்க முடியாது. பலகாரம்னா ஆபீஸ்ல வைங்க, எல்லாரும் சாப்பிடுவோம்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் இன்னிக்கே புத்தகத்துல எழுதிடுவேன்ணே. அதான் முன்னாடியே சொல்றேன்."

கடைசி வரி முக்கியம். பரிசுப் பதிவேடு உண்மையிலேயே இருந்தால்தான் அந்த வரி வாயில் வரும். யார், யாருக்கு, என்ன, மதிப்பு எவ்வளவு, வாங்கினாரா திருப்பினாரா, தேதி: ஆறு கட்டம் போதும். முதலாளியின் பெயரும் அதில் வர வேண்டும். அவருக்கு வந்த மூன்கேக் பெட்டிகள் அதில் இல்லாவிட்டால் மற்றவர்கள் எழுத மாட்டார்கள். எதிரில் நிற்பவரை எளிதில் விட்டுக்கொடுக்க வைக்காதீர்கள். மூன்றாவது முறை வற்புறுத்தும்போதுதான் குரல் தளர்கிறது, அதற்குத்தான் ஒத்திகை.

இதே முறையில் இன்னொன்றையும் பழக்குங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி 2024 டிசம்பர் 1லிருந்து நடப்பில் இருக்கிறது. முறைப்படி கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுப்பதானால் வியாபாரக் காரணம் வேண்டும். 'நம்ம கம்பெனில அப்படிப் பழக்கமில்ல', 'கண்ணெதிரே இருந்தாத்தான் எனக்குத் திருப்தி' என்பவை நியாயமான காரணங்களாகக் கொள்ளப்படுவதில்லை. அம்மாவுக்கு டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒருவர் கேட்பதாக வைத்து ஒத்திகை நடத்துங்கள். ஒருவருக்கு இரக்கம் காட்டினால் ஷிஃப்டில் மற்றவர்கள் தலையில் சுமை ஏறும். இரக்கமும் நியாயமும் மோதும் இந்த மாதிரி இடத்தில்தான் விவேகம் வேலை செய்ய வேண்டும். கனடாவின் ஐவி வணிகப் பள்ளியில் மேரி க்ராஸனும் சக ஆய்வாளர்களும் தலைவருக்கான பதினொரு குணங்களை வகுத்தபோது, மற்ற பத்துக்கும் நடுவில் 'தீர்ப்புத்திறன்' என்பதை வைத்தார்கள். நிதானம் இல்லாத துணிவு முரட்டுத்தனமாகிவிடும், துணிவில்லாத பணிவு தலையாட்டலாகிவிடும் என்பதால். ஆகவே ஒருவரிடம் ஒரு குணத்தை மட்டும் ஏற்றப் பார்க்காதீர்கள். 'இவருக்குத் துணிவு நிறைய இருக்கிறது, எது கூட வேண்டும்?' என்று கேளுங்கள்.

சிராங்கூன்_செயலவை

கம்பெனி விஷயத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். நம் சமூக அமைப்புகளின் செயலவைகளுக்கும் இதெல்லாம் வேண்டும். அங்கே சம்பளமும் இல்லை, அப்ரைசலும் இல்லை. அதனால் ஆளின் நல்ல மனதை மட்டும் நம்பி இருந்துவிடுகிறோம். அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறையில் பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இருக்கிறது. அது சந்தேகத்தால் வந்த விதி என்று சிலர் மனம் வருந்துகிறார்கள். நல்ல பொருளாளருக்கும் அது பாதுகாப்பு: ஐந்தாம் ஆண்டு அவர் கணக்கை இன்னொருவர் பார்ப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த பொருளாளரை மூன்றாம் ஆண்டிலேயே பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். இல்லாவிட்டால் பெயர் மட்டும் மாறும், சாவி பழையவரிடமே இருக்கும்.

கேலாங்_சம்பளக்கணக்கு

எதை வைத்து அளப்பது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. கேள்வித்தாள் கொடுத்து 'நீங்கள் பணிவானவரா' என்று கேட்காதீர்கள். பணிவில்லாதவர்தான் அதில் நல்ல மதிப்பெண் போடுவார். தளத்தில் எண்ணக்கூடியதை எண்ணுங்கள். கெட்ட செய்தி நடந்த நேரத்துக்கும் மேனேஜர் காதுக்கு வந்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம்? மேனேஜர் தானே முன்வந்து மாற்றிய முடிவுகள் காலாண்டுக்கு எத்தனை? 80 விழுக்காடு உறுதி என்று பதிவு செய்தவற்றில் பத்துக்கு எட்டு சரியாக வந்ததா, ஐந்துதானா? இந்தக் கணக்கை அவரவரே போட்டு வட்டத்தில் சொல்லட்டும். ஓவர்டைம் யார் யாருக்குப் போனது என்று சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது. ஊர்க்காரனுக்கும் மொழிக்காரனுக்கும் சாய்ந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மேனேஜருக்கே தெரியாமல் நடக்கும் சாய்வு அது. எண்ணைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

திட்டம் தொடங்கும் முன் இரண்டு மாதக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்?

துவாஸ்_எச்ஆர்

முதலாளியிடம் பேசினேன். வட்டத்துக்கு வெளியே இருக்க ஒப்புக்கொண்டார். காலாண்டுக் கூட்டத்துக்கு முதல் முடிவாக, இன்னொரு தளத்துக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் திட்டத்தை வைக்கிறார். பரிசுப் பதிவேட்டில் முதல் வரியை அவரே எழுதுவதாகச் சொன்னார். கடைசியாக ஒரு சந்தேகம்: முதல் வட்டத்துக்கு எப்படிப்பட்ட சிக்கலைக் கொண்டுவரச் சொல்வது?

பொங்கோல்_பயிற்றுநர்

சின்னதாக, இன்னும் முடியாததாக, தன் கையில் தீரக்கூடியதாக. முடிந்துபோனதைக் கொண்டுவந்தால் கதை சொல்லிவிட்டுப் போவார்கள். கம்பெனிக் கொள்கை மாதிரிப் பெரியதைக் கொண்டுவந்தால் எல்லாரும் மேலிடத்தைக் குறை சொல்வார்கள். 'இரண்டு பேர் ஒரே நாளில் ஊருக்கு லீவு கேட்கிறார்கள், ஒருவரைத்தான் அனுப்ப முடியும், வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்' என்கிற அளவில் இருந்தால் போதும். கூட்டத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள்; காலை எட்டரைக்கு, போனையெல்லாம் வெளியே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு.